களனி பிறக்குமிடத்தில் ஒரு நுளம்புக் கதை

களனி கங்கை கொழும்புக்கு வடக்கே கடலோடு கலப்பதைக் கண்டவர் பலர். அது களனி என்னும் பெயரைப் பெறும் இடத்தைக் கண்டவர் சிலரே. சிவனொளிபாதமலையையும் அதன் சுற்றுமலைகளையும் நனைக்கும் மழைநீர், மஸ்கெலி ஓயா, கெகெல்கமு ஓயா என்னும் இரண்டு ஆறுகளாக இறங்கி வருகின்றது. பொல்பிட்டியவுக்கும் கித்துல்கலவுக்கும் அண்மையிலே இவ்விரண்டும் கூடிய பின்னரே களனி என்ற பெயர் வழங்கத் தொடங்குகின்றது. கித்துல்கலவை அறியாத சினிமா ரசிகர் இல்லை. குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலப் படத்துக்காக அங்கே பெரியதொரு மரப்பாலத்தைக் கட்டித் தகர்த்தார்கள். 1957இல் வெளிவந்த அந்தப் படத்தினால் அவ்வூர் உலகப் புகழ் பெற்றது. சற்று மேலேயுள்ள பொல்பிட்டியவுக்கு அத்தகைய அதிர்ஷ்டம் கிட்டவில்லை. நாட்டுக்கு மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு அது பேசாமல் இருந்துவிட்டது.

ஹட்டனிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் சென்று, லக்சபானப் பக்கமாகச் சரிவில் இறங்கும் பாதையை நாம் தெரிந்துகொண்டோம். எம்முடன் நண்பர் ஒருவரும் உயர்தர வகுப்பு மாணவர் இருவரும் வந்தனர். ஹட்டன் 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பது. அங்கே காலையில் அணிந்த கம்பளிச் சட்டையை வழியிலேயே கழற்ற வேண்டியதாயிற்று. தேயிலை மெல்ல மெல்ல அருகி, இறப்பர் மரங்கள் தோன்றின, பின்னர் பலாவும் கமுகும் கித்துளும், ஈற்றிலே தென்னை. சிங்களத்தில் ‘பொல்’ என்றால் தேங்காய், ‘பிட்டிய’ என்றால் வெளி. தென்னை செழிக்குமளவுக்கு இங்கே வெப்பம் உண்டு என்பதை ஊரின் பெயரே சொல்லிவிடுகின்றது. இந்தச் சிறு விஷயத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், மலேரியாக் காய்ச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி நுளம்பின் உடலினுள்ளே வளர்ந்து முதிர்வதற்கும் வெப்பம் வேண்டும். குளிர்ந்த மலையிலே அது முதிர்வதற்கு முன் நுளம்பின் ஆயுள் முடிந்துவிடும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வாழ்வோருக்கு இயற்கை இட்ட வேலி அது. பொல்பிட்டியவிலே அந்த வேலி இல்லை.

இங்குள்ள மின்சார நிலையத்துக்குச் சமனல என்று பெயர். 1969இல் இயங்கத் தொடங்கியது. மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கனவு கண்டவர் பொறியியலாளர் விமலசுரேந்திரா. அக்கனவு 1950இல் பழைய லக்சபான நிலையமாக நனவாயிற்று. அதன் பின்வந்த நிலையங்களுள் பொல்பிட்டியவும் ஒன்று. மேலே லக்சபானவிலே ஆற்றைத் தடுத்து, நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தினூடே அனுப்பி, இங்கே சுழலிகளின்மீது விழச் செய்கிறார்கள். சுரங்கத்துக்குள்ளே போன நீர் ஆற்றிலே இராது என்பது சொல்லாமலே விளங்கும். மழை ஓய்ந்த மாதங்களிலே அணைக்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட ஆற்றுப் படுகையிலே கரும்பாறைகள் வெயிலிற் காய்கின்றன. பாறைக் குழிகளிலே ஆங்காங்கே தெளிந்த நீர் தேங்கி நிற்கின்றது. கண்ணாடி போன்ற நீர். அடியிலுள்ள மணலை எண்ணலாம்.

அந்தக் குழிகளில் ஒன்றின் அருகே நாம் குந்தியிருந்து பார்த்தோம். சில குடம்பிகள் நீர்மட்டத்திலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மாணவர்களுக்கு அது நல்ல பாடமாயிற்று. மலேரியாவைக் காவும் அனோபிலிஸ் இனத்தின் குடம்பி அவ்வாறு தொங்குவதில்லை; நீரின் மேற்பரப்போடு ஒட்டிப் படுத்திருக்கும். வளர்ந்த நுளம்பையும் அதன் இருக்கையைக்கொண்டே அறியலாம். வாலை உயர்த்தித் தலையைத் தாழ்த்திச் சுவரிலே சரிந்து நிற்பது அனோபிலிஸ். சுவருக்குச் சமாந்தரமாக நிற்பது ஏனையது. நாம் கண்டவை ஏனைய இனத்தவையே. எனினும், இலங்கையிலே மலேரியாவைப் பரப்பிய முதன்மையான குற்றவாளியாகிய அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் விரும்பி முட்டையிடுவது இத்தகைய இடங்களிலேதான்: ஓட்டம் நின்ற ஆற்றிலே, வெயில் படும் பாறைக் குழியிலே, தெளிந்த நீரிலே. சாக்கடையைத் தேடிப் போவது அதன் வழக்கமன்று.

இதிலிருந்து ஒரு விந்தை பிறக்கின்றது. உலர்வலயத்திலே மழை பெய்தால் காய்ச்சல் வரும். இங்கோ மழை பெய்யாவிட்டால் காய்ச்சல் வரும். ஆறு பெருகி ஓடும்போது குடம்பிகள் அடித்துச் செல்லப்படுகின்றன. ஆறு வற்றினால் ஒவ்வொரு குழியும் ஒரு தொட்டில். 1934இல் நிகழ்ந்தது அதுவே. அவ்வாண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. களனி, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகியவற்றின் படுகைகள் குட்டைகளாயின. ஆண்டின் பிற்பகுதியில் மூண்ட காய்ச்சல் 1935இலும் நின்று எரிந்தது. மாண்டோர் சுமார் 80,000 பேர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. கேகாலைப் பகுதி மிகவும் நொந்தது. ஈரவலயத்து மக்களுக்கு இந்நோயோடு பழக்கமில்லை. உடலிலே எதிர்ப்புச் சக்தியுமில்லை. வயல் காய்ந்ததால் வயிற்றிலே சோறுமில்லை. குயினைன் மட்டும் போதாது, உணவும் வேண்டும் என்று கண்ட இளைஞர்கள் களனிப் பள்ளத்தாக்கின் கிராமங்களுக்கு மருந்தும் பருப்பும் சுமந்து சென்றார்கள். அவர்களுள் ஒருவராகிய என். எம். பெரேராவை மக்கள் ‘பருப்பு மாத்தயா’ என்றே அழைத்தனர். 1936இல் அவரை ருவான்வெல தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்கு அனுப்பியதும் அதே மக்கள்தாம். உயர்ந்த மலைத் தோட்டங்கள் பெரும்பாலும் தப்பிக்கொண்டன; முன்னர் கூறிய குளிர் வேலி அவற்றைக் காத்தது.

ஆற்றங்கரைத் தேநீர்க் கடையிலே இருந்த முதியவர் ஒருவர், தம் தந்தையார் சொல்லக் கேட்ட கதையை எமக்குச் சொன்னார். “ஐயா, அந்த வருஷம் ஆத்தைச் செருப்பு நனையாமக் கடக்கலாமாம். பொணத்தைத் தூக்க ஆளில்லாமப் போச்சாம்.” அவ்வளவுதான் சொன்னார். பின்னர் தேநீரை ஆற்றத் தொடங்கிவிட்டார்.

திரும்பி நடக்கும்போது மாணவருள் ஒருவர் எம்மை ஒரு கேள்வி கேட்டார். “சேர், கியூலிசிபேசிஸ் இரவிலேதானே கடிக்கிறது? இருட்டிலே நாம் படுத்திருக்கும் இடம் அதற்கு எப்படித் தெரிகிறது?” நல்ல கேள்வி. இக்கட்டுரை எழுதப்படுவதற்கே அதுதான் காரணம்.

நுளம்பு எம்மை மோந்து கண்டுபிடிக்கின்றது. அதற்கு மூக்கு இல்லை. தலையிலுள்ள உணர்கொம்புகளும் வாயருகேயுள்ள சிறு தடவிகளுமே அதன் மூக்கு. நாம் விடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு காற்றிலே புகைபோல இழைந்து செல்கின்றது. பல யார் தூரத்துக்கு அப்பால் அந்த இழையைத் தொட்டுவிட்ட பெண் நுளம்பு, காற்றை எதிர்த்து, வளைந்து வளைந்து பறந்து வருகின்றது. ஆண் நுளம்புக்கு இரத்தம் வேண்டியதில்லை. பூந்தேனோடு அது திருப்தியடைந்துவிடும். பெண்ணோ முட்டை வளர்ப்பதற்கு இரத்தத்தை நாடுகின்றது. அருகே வந்ததும் தோலின் மணம் அதற்கு வழிகாட்டுகின்றது: வியர்வையிலுள்ள லக்டிக் அமிலம், அமோனியா, கொழுப்பமிலங்கள் முதலானவை. லக்டிக் அமிலம் நுளம்பை ஈர்க்கின்றது என்பது 1968இலேயே தெளிவாயிற்று. இன்னும் நெருங்கியதும் உடலின் சூடும் ஈரமும் தெரியும். அதன் பின் நடப்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

பழந்தமிழிலே ‘நாற்றம்’ என்ற சொல் நறுமணத்தையே குறித்தது. பிற்காலத்திலேதான் அது துர்க்கந்தத்துக்கு உரியதாயிற்று. நுளம்பு இன்னும் பழந்தமிழ்ப் பொருளிலேயே அச்சொல்லை வழங்குகின்றது போலும்! ஒல்லாந்து நாட்டிலே பார்ட் நோல்ஸ், ரூர்ட் டி யோங் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் நுளம்புகள் மனித உடலில் எங்கெங்கே கடிக்கின்றன என்று ஆராய்ந்தனர். ஆபிரிக்காவின் கொடிய மலேரியா நுளம்பாகிய அனோபிலிஸ் காம்பியே பாதங்களையும் கணுக்கால்களையுமே பெரிதும் நாடியது. பாதங்களைக் கிருமிநாசினிச் சவர்க்காரத்தாற் கழுவியதும் அந்த நாட்டம் குலைந்தது. ஆகவே, நுளம்பை அழைத்தது பாதமன்று. பாதத்தில் வாழும் பற்றீரியாக்கள் உண்டாக்கும் வாடை. லிம்பேர்கர் என்றொரு பாற்கட்டி ஐரோப்பாவிலே உண்டு. அதன் முடைநாற்றம் பிரசித்தம். அதனைப் பக்குவப்படுத்தும் பற்றீரியா, எமது கால்விரலிடுக்கில் வாழும் பற்றீரியாவுக்கு நெருங்கிய உறவு. அந்தப் பாற்கட்டியை வைத்தபோது காம்பியே நுளம்புகள் அதையும் நாடி வந்தன! இதற்காக அவ்விருவருக்கும் 2006இல் ‘இக் நோபல்’ என்னும் வேடிக்கைப் பரிசு கிடைத்தது. சிரிப்பை மூட்டி, பின் சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்கு அளிக்கப்படுவது அது. முதலில் நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

சிரிப்புக்கு இடமில்லாத ஒன்றும் உண்டு. கென்யாவிலே சிறுவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2005இல் வெளியாயிற்று. நுளம்புக்குத் தொற்றக்கூடிய பருவத்திலே ஒட்டுண்ணியைத் தாங்கிய சிறுவர்களை நோக்கி, ஏனைய சிறுவர்களை நோக்கி வந்தவற்றைப் போல இருமடங்கு நுளம்புகள் வந்தன. மருந்து கொடுத்து ஒட்டுண்ணி நீங்கியதும் அந்த வேறுபாடு மறைந்தது. நோயானது தன் வாகனத்தைத் தானே அழைத்துக்கொள்கிறது போலும். எவ்வளவு தந்திரம்!

மணம்தான் வழிகாட்டி என்றால், அந்த வழிகாட்டியையே பொறியாக்கலாமல்லவா? விக்டோரியா ஏரியிலே ருசிங்கா என்றொரு தீவு உண்டு. அங்கே 2012 முதல் 2015 வரை பெரியதொரு பரிசோதனை நடைபெற்றது. கென்யாவின் பூச்சியியல் நிலையமாகிய ஐசிப்பும் ஒல்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதனை நடத்தின. அமோனியா, லக்டிக் அமிலம், கொழுப்பமிலம் முதலியவற்றை நைலோன் துணி நாடாக்களிலே ஊறவைத்து, மனித வாடையைச் செயற்கையாக ஆக்கினார்கள். மூச்சுக் காற்றுக்குப் பதிலாக வேறொரு இரசாயனப் பொருளைச் சேர்த்தார்கள். இவற்றை ஒரு பொறியினுள் வைத்து வீட்டின் வெளிச்சுவரருகே தொங்கவிட்டார்கள். மணத்தை நாடி வரும் நுளம்பைச் சிறு விசிறி ஒன்று உள்ளே இழுத்துக்கொள்ளும், வெளியேற வழியில்லை. விசிறி சுழல மின்சாரம் வேண்டுமே! அதற்காகக் கூரையிலே சூரிய ஒளித்தகடு பொருத்தினார்கள். அதே தகட்டிலிருந்து வீட்டுக்கு விளக்கும், கைத்தொலைபேசிக்கு மின்னூட்டமும் கிடைத்தன. மலேரியாவுக்கு அஞ்சாதவனும் விளக்குக்காகப் பொறியைப் பேணுவான் என்பது அதன் நுட்பம். இதை வாசித்தபோது எமக்குத் தோட்டங்களின் நினைவு வந்தது. மின்சாரம் பிறக்கும் ஆறுகளின் கரையிலேயே, கம்பிகள் தலைக்கு மேலே செல்ல, லயன் காம்பராக்கள் பல நெடுங்காலம் குப்பி விளக்கிலே இருந்தன.

முடிவு 2016இல் வெளியாயிற்று. பொறி வைத்த வீடுகளின் மக்களிடையே மலேரியா சுமார் 30 சதவீதம் குறைந்தது. அனோபிலிஸ் பியூனெஸ்டஸ் என்ற நுளம்பினம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. படுக்கை வலையும் மருந்தும் அங்கே ஏற்கெனவே வழங்கிய நிலையில் கிடைத்த மேலதிகப் பயன் இது. இதனைச் சர்வரோக நிவாரணி என்று கொண்டாடத் தேவையில்லை. அலட்சியம் செய்வதும் பொருந்தாது.

இனி எமது நாட்டு நுளம்புக்கு வருவோம். ருசிங்காவின் பொறியைக் கொண்டுவந்து இந்த ஆற்றங்கரையிலே தொங்கவிட்டால் கியூலிசிபேசிஸ் வந்து விழுமா? நாம் அதிகம் எதிர்பார்க்க மாட்டோம். பியூனெஸ்டஸ் மனிதனை விரும்புவது. கியூலிசிபேசிஸ் மாட்டை விரும்புவது. மனிதனை அது இரண்டாம் பட்சமாகவே கடிக்கின்றது. அப்படிக் கடித்தே 1934இல் இத்தனை உயிர்களைக் கொண்டுபோயிற்று என்றால், மாடு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவும் அச்சமாயிருக்கின்றது. இவ்வினத்துக்குள்ளேயும் கண்ணாற் பார்த்துப் பிரித்தறிய முடியாத கிளைகள் உண்டு. இலங்கையிலே ‘பி’, ‘ஈ’ என்னும் இரு கிளைகளும் உண்டு என்பதை நிறமூர்த்தங்களை ஆராய்ந்து காட்டியோருள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சுரேந்திரன் முக்கியமானவர். அவற்றுள் மலேரியாவைக் காவுவதிலே கெட்டிக்காரன் ‘ஈ’.

ஆகவே, எமது நாட்டிலே மணப்பொறி என்றால் அது மாடுதான். மலேரியாத் தடை இயக்கத்தினர் மாலையிலே ஒரு மாட்டைக் குடிலிலோ பெரிய வலையினுள்ளோ கட்டுவார்கள். நுளம்பு நுழைவதற்குக் கீழே இடைவெளி இருக்கும். மாட்டின் மூச்சையும் தோலின் வாடையையும் மோந்து நுளம்புகள் உள்ளே புகும். இரத்தம் குடித்த பாரத்தோடு சுவரிலோ வலையிலோ அமரும். விடியுமுன் உத்தியோகத்தர் உள்ளே சென்று, கண்ணாடிக் குழாயால் அவற்றை உறிஞ்சியெடுத்து, எந்த இனம், எத்தனை என்று எண்ணுவார். இரசாயனக் குப்பியும் விசிறியும் இல்லாத பொறி; கண்டுபிடித்தவன் இவன் என்று ஒருவனைச் சுட்டவும் இயலாது. 1984இல் விஞ்ஞானிகள் மாட்டின் மூச்சிலிருந்து ஒக்டெனோல் என்னும் பொருளைப் பிரித்து, ஆபிரிக்காவின் தூக்கநோய் ஈயைப் பிடிக்கும் பொறிகளிலே பயன்படுத்தினர். எனினும், முழு மாட்டை ஒரு குப்பிக்குள் அடைப்பது இலகுவன்று. நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்ததல்லவா ஓர் உயிரின் வாடை!

இப்பொறி நுளம்பைக் கொன்று தீர்ப்பதற்கன்று, வேவு பார்ப்பதற்கு. வேவு தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு எமது நாடே சாட்சி. டீ. டீ. டீ. மருந்து தெளித்ததால் 1963இல் முழு இலங்கையிலும் மலேரியா நோயாளர் 17 பேராயினர். வெற்றி கைகூடிற்று என்று தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1968, 1969 ஆண்டுகளிலே நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. அதற்குள் நுளம்பும் டீ. டீ. டீ.யைத் தாங்கப் பழகிவிட்டது. பின்னர் 1980களிலே மகாவலியில் அணைகள் எழுந்தபோது, அணைக்குக் கீழே வற்றிய படுகைகளின் குட்டைகள் வாயிலாக, அதுவரை காய்ச்சல் அறியாத மலைநாட்டு ஆற்றங்கரைகள் சிலவற்றிலும் மலேரியா தலைகாட்டியது. பொல்பிட்டியவின் பாறைக் குழிகளை நாம் சற்று நேரம் உற்றுப் பார்த்தது இதனாலேதான். மின்சாரம் வேண்டும், அணையும் வேண்டும். அணைக்குக் கீழே ஆற்றில் எவ்வளவு நீர் விடப்படுகின்றது என்பது மீனுக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று.

போர்க்காலத்திலும் பணியைக் கைவிடாத சுகாதார ஊழியரின் உழைப்பினால், உள்நாட்டிலே தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில் பதிவாயிற்று. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. அதே ஆண்டு முடியுமுன் மன்னாரிலே ஒரு புதிய விருந்தாளி கண்டுபிடிக்கப்பட்டது: இந்திய நகரங்களின் மலேரியா நுளம்பாகிய அனோபிலிஸ் ஸ்டெபென்சி. இதற்கு ஆறும் வேண்டாம், பாறைக் குழியும் வேண்டாம். கிணறும் நீர்த்தொட்டியும் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோட்டத் தொழிலாளரின் முன்னோர் கடல் கடந்து வந்திறங்கியது அந்த மன்னார்க் கரையிலேதான். அங்கிருந்து காடு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்களுள் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் ஏராளம்.

ஒட்டுண்ணி இன்று நாட்டினுள்ளே இல்லை. ஆனால், ஆபிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் திரும்புவோரின் இரத்தத்திலே அது ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கின்றது. காசி, இராமேஸ்வரம் என்று யாத்திரை போய்வரும் குடும்பங்கள் எம்மிடையே பல. போய்வந்த பின் காய்ச்சல் கண்டால், டெங்கு என்று தாமே முடிவுகட்டி வீட்டிலிராமல், எந்த நாட்டுக்குப் போனோம் என்பதை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகவே சொல்லிவிட வேண்டும். மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையும் மருந்தும் அரசாங்க வைத்தியசாலைகளிலே இலவசம். பிரயாணம் புறப்படுமுன் உட்கொள்ள வேண்டிய தடுப்பு மாத்திரைகளையும் மலேரியாத் தடை இயக்கத்திலே கேட்டுப் பெறலாம்.